அலி கேட்டது மூன்றாம் பரிசு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மனிதநேய உளவியல் பற்றிப் பேசச் சொன்னார்கள். பி.எட். தேர்வுக்காக மாஸ்லோவின் பிரமிடை அளவுகோல் வைத்து வரைந்து, ஐந்து அடுக்குக்கும் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாம் எல்லாரும். அதை மறுபடியும் பலகையில் வரையப் போவதில்லை. ஒரு சிறுவனைப் பற்றிப் பேசுகிறேன். திரைப்படத்தில் வருகிற சிறுவன். பெயர் அலி, வயது ஒன்பது.

ஈரான் இயக்குநர் மஜீத் மஜிதி 1997இல் எடுத்த ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தெஹ்ரான் நகரின் ஏழைக் குடும்பம். தங்கை ஜாராவின் கிழிந்த ஷூவைத் தைத்து வாங்கி வரும் அலி, காய்கறிக் கடையில் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் வாடகை பாக்கி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. புது ஷூ வாங்க அப்பாவிடம் பணம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அண்ணனும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். காலைப் பள்ளிக்கு அவள் அவனுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு போவாள். முடிந்ததும் ஓடி வந்து சந்தில் கழற்றிக் கொடுப்பாள். அதை மாட்டிக்கொண்டு அவன் பிற்பகல் பள்ளிக்கு ஓடுவான். எவ்வளவு ஓடினாலும் தாமதம்தான்.

பள்ளியில் அலி யார்? தாமதமாக வருகிற பையன். அவ்வளவுதான். நிர்வாகி அவனை மடக்கி, ஏன் தாமதம் என்று கேட்கிறார். அலியின் கண்ணில் நீர் வருகிறது, காரணம் மட்டும் வரவில்லை.

இந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். அந்த நிர்வாகியின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். காலை வழிபாட்டுக்கு வாரத்தில் மூன்று நாளாவது தாமதமாக வருவான். கேட்டால் தலையைக் குனிவான். வெளியே நிறுத்தினேன். மைதானத்தில் காகிதம் பொறுக்க வைத்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. திமிர் என்று முடிவு செய்துவிட்டேன். அவன் எங்கள் பள்ளியை விட்டுப் போனபிறகுதான், அந்தத் தெருவில் இருந்த அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவன் அம்மா விடியுமுன் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். தங்கையைக் குளிப்பாட்டி, அங்கன்வாடி திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, விட்டுவிட்டு வந்திருக்கிறான். அம்மாவின் வேலையை நாற்பது பேர் முன்னால் சொல்ல அவனுக்கு மனமில்லை.

மாஸ்லோவுக்கு வருகிறேன். கீழ்த் தேவை நிறைந்தால்தான் மேல் தேவை எழும் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். அப்படியென்றால் ஷூ இல்லாத, வாடகை கட்டாத வீட்டுப் பையனுக்கு அன்பும் மதிப்பும் பிறகுதானே வரவேண்டும்? ஆனால், நல்ல மதிப்பெண்ணுக்காக ஆசிரியர் கொடுத்த பொன்னிறப் பேனாவை அலி கொண்டுபோய்த் தங்கை கையில் கொடுக்கிறான். தொலைந்த ஷூவை வேறொரு சிறுமியின் காலில் பார்த்து, இருவரும் அவள் வீடுவரை போகிறார்கள். அந்தச் சிறுமியின் அப்பா பார்வையற்றவர் என்று தெரிந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்புகிறார்கள். எந்த அடுக்கில் வைப்பீர்கள் இதை?

மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரமிடு படமே கிடையாது. இந்த வரிசை அசையாதது அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரே செயலுக்குப் பின்னால் பல தேவைகள் இருக்கலாம் என்றும் சொல்கிறார். படிக்கட்டு நாம் கட்டியது. அலியின் மௌனத்தில் பயம் உண்டு, தங்கை மேல் பாசம் உண்டு, அப்பாவுக்குப் பாரமாகக் கூடாது என்ற எண்ணமும் உண்டு.

கார்ல் ரோஜர்ஸ் நமக்கு இன்னும் நெருக்கமானவர். புகழ்பெறுவதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளோடு வேலை பார்த்தவர். பெரியவர்களின் அன்பும் மதிப்பும் நிபந்தனையோடு வரும்போது, அந்த நிபந்தனைகளை வைத்தே குழந்தை தன் மதிப்பையும் அளக்கிறது என்றார். படத்தில் நிர்வாகி அலியை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் வகுப்பாசிரியர் வந்து காப்பாற்றுகிறார். நல்ல காட்சிதான், நானும் நெகிழ்ந்தேன். ஆனால் என்ன சொல்லிக் காப்பாற்றுகிறார்? இவன் நன்றாகப் படிக்கிற பையன் என்று. என் மாணவன் கணக்கில் இருபதைத் தாண்டாதவன். அவனுக்காகப் பரிந்து பேச ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. நானும் இல்லை.

உடற்கல்வி ஆசிரியரை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். நீண்ட ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ. அது தெரிந்து அலி வரும்போது தேர்வு முடிந்துவிட்டது. அழுது கெஞ்சுகிறான். எதற்கு இத்தனை அழுகை என்று அவர் தோண்டவில்லை. கடிகாரத்தை எடுத்து, ஓடிக் காட்டு என்கிறார்.

போட்டியில் அலி மூன்றாவதாக வரப் பார்க்கிறான். கீழே விழுகிறான். எழுந்து ஓடிய வேகத்தில் முதலாவதாக வந்துவிடுகிறான். ஆசிரியர் மகிழ்ச்சியில் தூக்கிக்கொள்ள, மூன்றாவதாக வந்தேனா என்று கேட்கிறான். கோப்பை, பதக்கம், புகைப்படம் எல்லாம் உண்டு. படத்துக்கு நிற்கிற பிள்ளையின் முகத்தில் கண்ணீர். சுற்றியுள்ள பெரியவர்களுக்கு அது ஆனந்தக் கண்ணீர். ஆண்டு விழா மேடைகளில் நாம் எடுத்த எத்தனை படங்களில் இப்படி ஒரு முகம் இருக்கிறதோ!

வீட்டுக்கு வந்து புண்ணான கால்களைத் தொட்டித் தண்ணீரில் வைக்கிறான், பொன்மீன்கள் சுற்றி வருகின்றன. அப்பாவின் சைக்கிளில் புது ஷூக்கள் வந்துகொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம், அவனுக்குத் தெரியாது.

நான் இப்போது செய்வது சின்ன மாற்றம்தான். தாமதமாக வரும் பிள்ளையிடம் வாசலில் வைத்துக் காரணம் கேட்பதில்லை. எல்லார் காதிலும் விழும் இடத்தில் கேட்டால் பொய் வரும், அல்லது மௌனம் வரும். இடைவேளையில் குழாயடிப் பக்கம் அழைத்து, “காலையில வீட்ல யார் யார் இருந்தீங்க?” என்று கேட்கிறேன். சில பிள்ளைகள் சொல்வார்கள். போன வாரம் ஒரு சிறுமி எதுவும் சொல்லாமல் நின்றாள். நானும் மறுபடி கேட்கவில்லை. “சாப்பிட்டியாம்மா?” என்றேன். தலையாட்டினாள். அடுத்த மணி அடித்தது, இருவரும் வகுப்புக்குப் போனோம்.