கம்பெனிப் படையில் யூதச் சிப்பாய்கள்: மாநாட்டுத் தலைமை உரை



பத்தொன்பதாம் நூற்றாண்டு யூதச் சிப்பாய்களைப் பற்றிப் பேசக் கோவை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மைசூர்ப் போர்க்காலம் என்றால் நமக்கு நினைவில் எழுபவர் தீரன் சின்னமலை. 1791இல் கோவைக் கோட்டை திப்புவின் படையிடம் வீழ்ந்ததையும், அதைக் காத்துநின்ற கம்பெனிப் படை அதிகாரி சால்மர்ஸ் சீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாகப் போனதையும் அறிவோம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இரண்டாம் மைசூர்ப் போரில், திப்புவிடம் சிறைப்பட்டவர்களுள் ஒருவர் பம்பாய்ப் படையைச் சேர்ந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர். மராத்தி பேசிய யூதர். எதிரணியில் துப்பாக்கி ஏந்தி நின்றவர்கள் யார் யார் என்று கேட்காத வரையில் நம் போர் வரலாறு பாதி வரலாறே.

திவேகர் பெனே இஸ்ரேல் சமூகத்தவர். கொங்கணக் கரை ஊர்களில் செக்காட்டிப் பிழைத்த மக்கள் அவர்கள். சனிக்கிழமை செக்குப் பூட்டாததால் ஊரார் 'சனிவார் தேலி' என்றழைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து படையில் சேர்ந்தார்கள். சிறை மீண்ட திவேகர் 1796இல் எழுப்பியதே பம்பாயின் முதல் யூதத் தொழுகைக் கூடம். திப்புவின் தாயார் பரிந்து பேசியதால் அவர் உயிர் பிழைத்தார் என்பது அச்சமூகத்தின் வழிவழிக் கதை. நடந்ததற்கு அக்கதை சான்றாகாது. ஆயினும் ஒரு சமூகம் தன் நகர வாழ்வின் தொடக்கத்தை ஒரு சிப்பாயின் விடுதலையிலிருந்து எண்ணுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

அடுத்த நூறாண்டில் அவர்கள் ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என உயர்ந்தார்கள். காரணம் பம்பாய்ப் படையின் நடைமுறை. வங்காளப் படை உயர்சாதியாரைத் தேடித் திரட்டியபோது, பம்பாயில் எல்லாச் சாதியாரும் ஒரே கம்பெனியில், அதாவது ஒரே படைப்பிரிவில், கலந்து நின்றார்கள். பணிமூப்பு பதவி தந்தது. இதே காலத்து ரஷ்யாவை எண்ணிப் பாருங்கள். 1827இல் முதலாம் நிக்கோலஸ் யூதர்களைக் கட்டாயப் படைச் சேவைக்கு இழுத்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, மதம் மாற நெருக்கப்பட்டார்கள். அங்கே படை என்றால் ஒப்பாரி. இங்கே ஓய்வூதியமும் ஊர் மதிப்பும்.

பம்பாயில் பதவி உயர்வுக்கான அந்தக் கதவு மூடப்பட்டது பகையால் அன்று, கணக்கால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனிகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஒருவர் சுபேதாராக வேண்டுமானால் அவர் இனத்துக்கென ஒரு கம்பெனி இருக்க வேண்டும். சில ஆயிரம் பேரே கொண்ட பெனே இஸ்ரேலருக்கு அது ஏது? அடுத்த தலைமுறை படையை விட்டு, எழுத்தர் வேலைக்கும் ரயில்வேக்கும் போயிற்று. திறமையில் குறை காணாத ஓர் அரசு, தலை எண்ணிக்கையில் குறை கண்டு ஒதுக்கிவிட்டது.

இங்கேதான் நம் கதையும் வந்து சேர்கிறது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போருக்கு உகந்தவர் அல்லர் என்று தீர்ப்பெழுதினார். பின்னர் இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியானார். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. யூதர் சிறு எண்ணிக்கையால் விலக்கப்பட்டார். தமிழர் 'வீர இனம்' அல்லர் என்ற முத்திரையால் விலக்கப்பட்டார். இருவரையும் அளந்தது ஒரே அளவுகோல்: மனிதனைப் பார்க்குமுன் பிறப்பைப் பார்ப்பது.

ஆகவே ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெனே இஸ்ரேல் சமூகத்தவரான கெகிம்கர் 1897இல் எழுதி முடித்த பெனே இஸ்ரேலர் வரலாறு 1937இல்தான் அச்சேறியது. தம் சமூகத்துப் படைவீரர்களின் பெயர்களை அவர் அக்கறையோடு தொகுத்தார். நம் சிப்பாய்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் இராணுவக் கோப்புகளையும், ஊர்ப்புறக் கல்லறைகளையும், குடும்பங்களில் கிடக்கும் ஓய்வூதியத் தாள்களையும் சேர்த்துப் படியுங்கள். போர்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், யார் சேர்க்கப்பட்டார், யார் உயர்ந்தார், எந்த விதி மாறியபோது யார் காணாமற்போனார் என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகளை உங்கள் முன் வைத்து, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.