வக்கீல் ஏன் இந்தக் கேஸை எடுப்பதில்லை?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் இல்லை. வங்கியில் குமாஸ்தா, கவிதையும் எழுதுகிறவன். ஆஸ்பத்திரியில் தப்பு நடந்துபோச்சு என்று வந்த மூன்று குடும்பங்களோடு வக்கீல் ஆபீஸ் படி ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. "பேப்பரெல்லாம் கொண்டாங்க, பாப்போம்" என்றார்கள். கடன் கேட்டு வரும் நம்ம சனத்திடம் வங்கியில் சொல்கிற அதே வார்த்தை.

வக்கீலைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் போடும் கணக்கை நாம் படிக்கணும்.

முதல் கணக்கு, எது தப்பு என்பது. வைத்தியம் பலிக்காதது வேறு, அலட்சியம் வேறு. சாதாரணத் திறமையுள்ள டாக்டர் காட்டவேண்டிய கவனத்தை இவர் காட்டினாரா என்பதுதான் கேள்வி என்று 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிரிமினல் வழக்கென்றால் படுமோசமான அலட்சியமாக இருக்கணும். இந்த அளவுகோலை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். பயந்துபோன டாக்டர் முதலில் கைவிடுவது நம்ம ஆளைத்தான்.

இரண்டாவது, சாட்சி. டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் கூண்டில் ஏறணும். யார் வருவார்? மலேரியாவுக்கு டைபாய்டு வைத்தியம் பார்த்த கிஷன் ராவ் வழக்கில், எல்லாக் கேஸுக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் சிக்கலான கேஸ் நிபுணர் இல்லாமல் நகராது.

மூன்றாவது, எந்தக் கோர்ட். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் சாந்தா வழக்கில் தீர்ப்பானது. அதே தீர்ப்பு, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியை வெளியே விட்டது. வரி கட்டுகிறோமே என்ற வாதமும் எடுபடவில்லை. காசு கொடுத்தவன் நுகர்வோர். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடப்பவன் யார்? அவன் சிவில் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போகணும்.

நான்காவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: உசிருக்கு என்ன விலை? நஷ்டஈட்டைப் பெரும்பாலும் சம்பாத்தியத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். அமெரிக்காவில் வாழ்ந்த அனுராதா சாகா, 1998ல் கொல்கத்தாவில் பார்த்த தவறான வைத்தியத்தால் இறந்தார். டாக்டரான அவர் கணவர் 15 வருடம் போராடி, 2013ல் சுமார் 6 கோடி தீர்ப்பானது. ஹரியானாவில் ஒரு கூலிக்காரப் பெண் 1988ல் அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டார். அரைகுறை ஆபரேஷன், பிள்ளை பிறந்தது. 2000ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தொகை 54,000 ரூபாய், வட்டியோடு. இரண்டும் ஒரே இழப்பில்லை, தெரியும். ஆனால் வக்கீலின் மேஜையில் எந்தக் கட்டு மேலே இருக்கும், எது அடியில் போகும்?

அமெரிக்காவில் ஜெயித்த தொகையில் வக்கீலுக்குப் பங்குண்டு. அதனால் பெரிய தொகை வராத கேஸை அங்கே தள்ளிவிடுகிறார்கள். இங்கே பார் கவுன்சில் விதி பங்கு கேட்பதைத் தடுக்கிறது. அதனால் ஃபீஸ் முன்கூட்டியே வேணும். எந்த வழியில் போட்டாலும் கூலிக்காரன் கணக்கு உதைக்கிறது.

அப்ப என்ன பண்றது? அந்தக் கூலிக்காரப் பெண் சிவில் கோர்ட்டுக்குப் போய், அரசு ஆஸ்பத்திரி டாக்டரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று நிலைநாட்டினார். அது நமக்குப் போட்ட பாதை. 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரணும். எழுதிக் கேளுங்கள், கேட்டதற்கு ரசீது வாங்குங்கள். சாவில் சந்தேகமிருந்தால் போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் அடக்கம் பண்ணாதீர்கள். நுகர்வோர் வழக்குக்கு 2 வருடம்தான் கெடு. 1987ம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவுப்படி, எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரணும். இதைக் கேட்டு எத்தனை பேர் போயிருக்கிறோம்?

கல்லூரித் தோழர்களுக்கு ஒன்று. சேரியில் ஒரு சாவு விழுந்தால் மாலையோடு போங்கள். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். "பேப்பர் கொண்டாங்க" என்கிறாரே, அந்தப் பேப்பர் முதல் நாளே நம் கையில் இருக்கட்டும்.