எலியட்ஸ் கடற்கரையில் ஓர் ஒத்திகை



பரதநாட்டியத்தை வானொலியில் ஓரளவு கேட்டே ரசித்துவிடலாம். நட்டுவனாரின் தாளம் விழும், ஜதி வரும், பதத்தின் ஒரு வரியையே பாடகர் விதவிதமாக இழைப்பார். மேடையில் என்ன நடக்கிறதென்று நாமாக ஊகித்துக்கொள்ளலாம். இன்று நான் பேசவிருக்கும் நடனத்தில் அந்த வசதி கிடையாது. அதில் ஒருவர் பத்து நிமிடம் மிக மெதுவாக ஒரு காலை நகர்த்திக்கொண்டிருப்பார். அதனால் ஆட்டத்தைவிட ஆடியவர்களைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

இந்தச் சமகால நடனம் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் அது வளர்ந்த இடம் பெசன்ட் நகர். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஒரு வீடு. அங்கே வாழ்ந்தவர் நடனக் கலைஞர் சந்திரலேகா.

1928இல் மகாராஷ்டிரத்தில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நடனத்துக்காகச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றார். 1952இல் மியூசியம் தியேட்டரில் முதல் மேடை. ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. யமுனையில் நீர் பெருகி ஓடுவதையும் பெண்கள் நீர் விளையாடுவதையும் அபிநயித்துக் கொண்டிருந்தபோது, வெடித்த நிலமும் குடமேந்திய பெண்களின் நீண்ட வரிசையும் மனத்தில் எழுந்து, ஒரு கணம் உறைந்து நின்றுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நிவாரணம் எதற்கோ அதற்கு நேரெதிரானதை ஆடிக்கொண்டிருந்தார்! அந்தச் சங்கடத்தை அவர் எளிதில் விடவில்லை. பெயரும் புகழும் வந்த பிறகும், 1972க்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் மேடைப் பக்கமே வரவில்லை.

அந்த ஆண்டுகளில் எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கத்தில் இருந்தார், சிற்றூர்களிலிருந்து வந்தவர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். 1982இல் அவர்மீதும், அவரோடு பணியாற்றிய சதானந்த் மேனன்மீதும் ராஜத்துரோக வழக்குகூடப் போடப்பட்டது; பிறகு கைவிடப்பட்டது. நடனக் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் இப்படிப்பட்ட காலத்தை "இடைவெளி" என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னால் அவர் செய்ததெல்லாம் அங்கேதான் ஊறியது.

1984இல் மும்பையில் ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவன் ஒரு கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பை நடத்தியது. அதற்காகத்தான் மேடைக்குத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே "அங்கிகா" என்ற படைப்பு. பரத நடனக்காரர்களும், கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயட்டைப் பயின்றவர்களும் ஒரே மேடையில். கல்பதித்த நகைகள் இல்லை, கிருஷ்ணனுக்கு ஏங்கும் நாயகி இல்லை. ஆனால் முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி இருந்தது, அடிப்படை அசைவான அடவு இருந்தது. இதைத்தான் கவனிக்க வேண்டும். எல்லப்ப பிள்ளையிடம் கற்றதில் எலும்பை வைத்துக்கொண்டு ஆபரணத்தைக் கழற்றினார். மரபை உடைத்தவர் என்று அவரைப் புகழ்ந்தவர்களும் ஏசியவர்களும் இந்த ஓர் இடத்தில் ஒரே தவற்றைச் செய்தார்கள் என்பது என் எண்ணம். அலங்காரத்தை நீக்கினால் அரைமண்டி எவ்வளவு கடினம் என்று தெரியும்; பார்க்கிறவருக்கே தொடை வலிக்கும்.

1989இல் "லீலாவதி". பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரரின் புதிர்களை அடவுக் கோவைகளாக்கினார். அதன்பின் வந்த "ஸ்ரீ"யில் பெண்கள் முதுகெலும்பு வளைந்து, தலை தாழ்ந்து மேடையைக் கடப்பார்கள். அந்த வளைவு நிமிர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் கதை. பெண்ணடிமை பற்றி ஒரு வசனம் கிடையாது.

இப்படி ஆடுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பத்மினி செட்டூரை எடுத்துக்கொள்வோம். சிறுவயதிலேயே பந்தநல்லூர் சுப்பராய பிள்ளையிடம் பரதம் கற்றவர். பிலானியில் வேதியியல் படித்து முடித்துவிட்டு 1991இல் சந்திரலேகாவின் குழுவில் சேர்ந்தார்; பத்தாண்டு இருந்தார். வேதியியல் பட்டத்தோடு நல்ல சம்பளத்தில் உட்கார்ந்திருக்கலாம். கவிஞர் திஷானி தோஷியின் கதை இன்னும் வேறு. இருபதுகளின் நடுவில் வந்து சேர்ந்தவர், சந்திரலேகாவின் கடைசிப் படைப்பான "சரீரா"வைப் பதினைந்து ஆண்டுகள் ஆடினார். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசையோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2006 டிசம்பர் 30 அன்று சந்திரலேகா மறைந்த பிறகும் அது மேடையேறியது. ஒரே படைப்பைப் பதினைந்து ஆண்டு ஆடுவதென்றால், அதற்கேற்ற உடலையும் பதினைந்து ஆண்டு காப்பாற்ற வேண்டும். அதற்கு ஓய்வூதியமும் கிடையாது, வருங்கால வைப்பு நிதியும் கிடையாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கலையைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. பரதக் கலைஞருக்கு மாணவிகள் உண்டு, அரங்கேற்றம் உண்டு, மார்கழியில் சபா உண்டு. அந்த வருமானம் போதுமா என்பது வேறு விஷயம்; பாதையாவது இருக்கிறது. சமகால நடனக்காரர் ஒரு படைப்புக்காக மாதக்கணக்கில் நாலைந்து பேரோடு ஒத்திகை பார்க்கிறார். கூடத்துக்கு வாடகை, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம். எல்லாம் முடிந்து உள்ளூரில் அது இரண்டு முறை மேடையேறினால் பெரிது. அதனால்தான் பல காலம் ஐரோப்பிய அரங்குகளும் விழாக்களும் தந்த பணத்தில் இது நடந்தது. சென்னையில் உருவான நடனத்தைச் சென்னைக்காரர்களைவிட ஐரோப்பியர்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய ரசனைக்கேற்ப ஆடுகிறார்கள் என்ற பழியும் சேர்ந்துகொண்டது. உள்ளூரில் யாரும் காசு தராமல் அந்தப் பழியை மட்டும் தருவது எந்த ஊர் நியாயமோ!

பத்மினி 2016இல் "வர்ணம்" என்றே ஒரு படைப்பைச் செய்தார். பரதக் கச்சேரியின் நடுநாயகமான அதே வர்ணம்தான். தஞ்சை நால்வர் மரபின் பைரவி ராக வர்ணத்திலிருந்து தொடங்கியது. கால் நூற்றாண்டு கழித்துச் சுப்பராய பிள்ளையின் வகுப்புக்குத் திரும்பியது போலத்தான். பத்மினியோடு பல ஆண்டுகள் ஆடிய பிரீத்தி ஆத்ரேயாவும் பரதத்திலிருந்து வந்தவர்தான். அவருடைய ஒரு படைப்பில் பத்துப் பேர் ஒரு சதுரத்துக்குள் குதிக்கிறார்கள். குதிப்பது, இறங்குவது, மறுபடி குதிப்பது. மூச்சு வாங்குவதை ஒளிப்பதில்லை. பார்வையாளர்கள் சுற்றி நின்று பார்க்கலாம்.

இவர்கள் இருவரும் சில நண்பர்களும் சேர்ந்து "பேஸ்மென்ட் 21" என்ற பெயரில் சென்னையில் நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறார்கள். சந்திரலேகாவின் வீட்டு வளாகமான "ஸ்பேசஸ்" அரங்கிலும் நடனங்கள் நடந்துவந்திருக்கின்றன. இப்படி ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டால் ஒரு மாலை போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாமல் திணறுவீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, கவலைப்படாதீர்கள்.