மஞ்சள் விளக்கைக் கவனியுங்கள்
(பழைய காரின் ஏ.பி.எஸ். பிரேக் பற்றிய பேச்சு)



போடிமெட்டில் இருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. குமுளியில் இருந்து லோயர் கேம்ப் போகும் வழியும் மலை இறக்கம்தான். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்களின் தமிழ் மக்கள் ஆஸ்பத்திரிக்கும் உறவினர் வீட்டுக்கும் இந்த வழிகளிலும் இறங்குகிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் வேறு மாதிரி. கொழிஞ்சாம்பாறை, வாளையார் பகுதியில் சாலை சமமானது. அங்கே வேகம் அதிகம். மலையோ, சமவெளியோ, உயிரைக் காப்பது பிரேக்.

பிரேக்கை மிதித்தால் என்ன நடக்கிறது? பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. பேட் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிறது. சக்கரம் மெதுவாகிறது. ஆனால் மழையில் நனைந்த சாலையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. ஆனாலும் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வளைவில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

இதைத் தடுக்க வந்ததுதான் ஏ.பி.எஸ். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த ஏ.பி.எஸ். 1978-இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2018 ஏப்ரலில் இருந்து புதிய மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரலில் இருந்து புதிதாகச் செய்யும் எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயம் ஆனது. அதற்கு முந்திய கார்களில் சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இருக்காது. ஆகவே பழைய கார் வாங்குபவர் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏ.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது? சக்கரத்தின் அருகே சென்சார் என்ற சிறு கருவி இருக்கிறது. சக்கரம் சுற்றும் வேகத்தை அது யூனிட்டுக்குச் சொல்கிறது. சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்தால் யூனிட் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தும். உடனே மறுபடி பிடிக்கும். ஒரு வினாடிக்குள் பல தடவை இப்படிச் செய்யும். அப்போது பிரேக் மிதி காலடியில் அதிரும், சத்தமும் வரும். பயந்து காலை எடுக்கக் கூடாது. விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது. அழுத்தி மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில்தான் வழுக்கும்போது விட்டு விட்டு மிதிக்க வேண்டும்.

இனி விளக்கைப் பார்ப்போம். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மஞ்சளாக எரியும். சில வினாடியில் அணைந்துவிடும். அணைந்தால் நல்லது. அணையாமல் எரிந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று பொருள். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். மேலே ஓட்டக் கூடாது.

ஒருவர் பழைய கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர், "ஏ.பி.எஸ். உள்ள வண்டி, எந்த விளக்கும் எரியவில்லை" என்கிறார். வாங்குபவருக்குச் சந்தோஷம். ஆனால் சாவியைத் திருப்பும்போதும் அந்த விளக்கு எரியவில்லை! பழுதை மறைக்க விளக்கின் இணைப்பையே யாராவது துண்டித்திருக்கலாம். ஆகவே விளக்கு அணைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. முதலில் எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விளக்கு அணையாவிட்டால், "யூனிட் போய்விட்டது" என்று யாராவது சொல்லலாம். யூனிட் விலை அதிகம். உடனே பணத்தை எடுக்க வேண்டாம். ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று பெரும்பாலும் அது காட்டும். பல நேரம் சென்சாரில் சேறு படிந்திருக்கும். வயர் உரசி அறுந்திருக்கும். பியூஸ் போயிருக்கும். பேட்டரி பலம் குறைந்தாலும் விளக்கு எரியலாம். இவை சிறிய செலவுகள். டயர்களையும் பாருங்கள். நான்கு டயர்களும் கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும். அளவு மாறினால் சக்கரங்களின் வேகக் கணக்கு தப்பும்.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு சுமார் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். ஆயில் கொதித்து ஆவியாகும். மிதி தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. அப்போது ஏ.பி.எஸ். இருந்தும் பயன் இல்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். என்ஜின் ஆயிலை ஊற்றவே கூடாது, ரப்பர் கெட்டுவிடும். ஆயில் அளவு குறைந்தால் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசியும். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலும் ஊற்றிவிட்டுப் போனால் போதாது.

இறக்கத்தில் இரண்டாவது கியர் அல்லது முதல் கியரில் வாருங்கள். என்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்த உதவும். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. மண்ணும் ஜல்லியும் சிதறிய இடத்தில் ஏ.பி.எஸ். வண்டி நிற்க அதிக தூரம் ஆகலாம். அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

இடவப்பாதி மழைக்கு முன்பே, மே மாதத்தில், பேட், ஆயில், டயர், சென்சார் வயர் நான்கையும் பார்த்துவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் வண்டியில் ஏறியதும் அந்த மூன்று எழுத்துகளைப் படிக்கலாம். ஓட்டுபவர் கவனிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்லலாம். அண்ணனாக இருந்தாலும், கணவராக இருந்தாலும் சொல்லலாம். சொல்வதில் தவறில்லை.