கண்ணாடி போட்டால் கண் கெடுமா?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டரை மேடைக்குக் கூப்பிட்டால் சீனி வியாதியைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் பேசி யாருடைய பசியையும் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. நான் கண் வைத்தியம் பார்ப்பவள். வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் குறும்பார்வையைப் பற்றிச் சொல்லும்படி தலைவி கேட்டார்.

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அம்மாமார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள். கண்ணாடி வேண்டும் என்று சொன்னால், ஆண்பிள்ளைக்குச் சரி என்பார்கள். பெண்பிள்ளை என்றால் பேச்சு வேறு. "பொம்பளப் புள்ளைங்க டொக்டர். இப்பவே கண்ணாடி மாட்டிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? சொட்டு மருந்து ஏதும் குடுங்களேன்." பத்து வயதுப் பிள்ளையின் கலியாணம்! இந்த மண்டபத்தில் கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர், கணவரோடு வந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் கண்ணாடி இல்லாமல் திரும்பிப் போகும் பிள்ளை முன் வாங்குக்கு மாறி, பிறகு பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதி, "படிப்பு ஏறாது" என்று பெயர் வாங்கி, சாதாரண தரத்துக்கு முன்பே நின்றுவிடக்கூடும். மூளையில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை.

மைனஸ் 2 பவர் என்றால், கண்ணாடி இல்லாமல் அரை மீற்றருக்கு அப்பால் எல்லாம் மங்கல். மைனஸ் 4 என்றால் கால் மீற்றர். முன் வாங்கிலிருந்து கரும்பலகை எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

பெரும்பாலும் காரணம் கண்ணின் நீளம். பிறக்கும்போது முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் இருக்கும் கண், வளர்ந்தபின் 24 அளவில் நிற்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது நிற்பதில்லை. 1 மில்லிமீற்றர் கூடினால் பவர் 2.5 முதல் 3 வரை ஏறும். ஆகவே கண்ணாடி போட்டதால் ஏறவில்லை. கண் வளரும் வயதில் கண்ணாடி போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஏறாது என்ற எண்ணம் வைத்தியர்களிடமும் இருந்தது. மலேசியாவில் அப்படிக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவின்படி, குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக ஏறியது. முழுப் பவரையே போடுங்கள். வெலிமடைக் கரட் அருமையான மரக்கறி, விற்றமின் ஏ தரும். நீண்டுபோன கண்ணை அது குறுக்காது.

தொடங்காமல் தடுப்பதற்கு நம்மிடம் இருப்பது பகல் வெளிச்சம். சீன வம்சத்து ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் 29 வீதத்தினருக்குக் குறும்பார்வை, சிட்னியில் 3 வீதத்துக்குச் சற்று மேல். வாரத்தில் வெளியே இருந்த நேரம் சிங்கப்பூரில் 3 மணித்தியாலம், சிட்னியில் கிட்டத்தட்ட 14. பிறகு சீனாவின் குவாங்சோவில் பாடசாலை நாளோடு 40 நிமிட வெளிப் பாடம் ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் குறும்பார்வை வந்தவர்கள் 39.5 வீதத்துக்குப் பதிலாக 30.4. வெயிலில் காய வேண்டியதில்லை; மரநிழலிலும் வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

எங்கள் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்து வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பஸ் இல்லை, நடந்தார்கள், அட்டைக்கடியும் வாங்கினார்கள். ஆனால் அந்த நடையில் கண்ணுக்கு வேண்டியது கிடைத்தது. இன்று காலையில் வான், பிறகு வகுப்பு, புலமைப்பரிசில் ரியூஷன், இரவில் லயத்துக் காம்பராவில் போன். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் குளிர்காலம் வேறு.

தொடங்கிவிட்ட பிறகு வெளிச்சம் மட்டும் போதாது. மிகக் குறைந்த செறிவு அட்ரோப்பின் சொட்டு மருந்தும், இதற்கென்றே செய்த வில்லைகளும் ஏறும் வேகத்தைக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல, கண் வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும்.

பெரியவர்களுக்கு இரண்டு விஷயம். நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு திடீரென்று மைனஸ் கூடினால் கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். இரத்தத்தில் சீனி ஏறியிருக்கலாம், கண்ணில் புரை தொடங்கியிருக்கலாம். (பார்த்தீர்களா, சீனி வந்துவிட்டது.) "கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறேன்" என்று மகிழும் அறுபது வயது அக்காமாரும் புரையைப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தது, மைனஸ் 6க்கு மேல் உள்ளவர்களின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இது பொருந்தும். லேசர் கண்ணின் நீளத்தைக் குறைப்பதில்லை.

அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தரம் 5 பிள்ளைகளின் இடைவேளையையும் விளையாட்டுப் பாடத்தையும் பரீட்சைக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில்தான் நடக்கிறது. இடையில் உள்ள மூன்று வருடத்தில் பவர் எவ்வளவோ ஏறிவிடும். ஆறு மீற்றர் கயிறும் எழுத்து அட்டையும் இருந்தால் ஒரு ஆசிரியையே வருடத்துக்கொருமுறை எல்லோரையும் பார்த்துவிடலாம். கண்ணாடி வாங்க வசதியில்லாத பிள்ளைக்கும், உடைந்துபோனதற்கு மாற்று வேண்டிய பிள்ளைக்கும் சங்க நிதியில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அட்டையையும் கயிற்றையும் கொண்டுவந்திருக்கிறேன். அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.