லேபர்: சட்டம் கண்ட உழைப்பு



பட்டறை ரசீதில் 'லேபர் சார்ஜ்' என்று எழுதுகிறார்கள். மருத்துவமனையில் 'லேபர் வார்டு' இருக்கிறது. கூலி வேலைக்கும் பிரசவ வேதனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். லத்தீனில் பிறந்தபோதே அதில் உழைப்போடு உடல் வருத்தமும் கலந்திருந்தது. அந்த வருத்தம் யாருக்குச் சொந்தம் என்று சட்டம் என்ன சொல்லி வந்தது? இன்றைய என் பேச்சு அதைப் பற்றியது.

1348இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் புகுந்தது. வேலைக்கு ஆளில்லை; பிழைத்தவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். மறு ஆண்டே அரசாணை வந்தது. அறுபது வயதுக்குட்பட்ட, உடல் வலுவுள்ள, சொந்த நிலமோ தொழிலோ இல்லாதவர் கூப்பிட்ட வேலைக்கு வந்தாக வேண்டும், அதுவும் பழைய கூலிக்கே. 1351இல் நாடாளுமன்றம் அதை இன்னும் இறுக்கியது. ஏழையின் தெம்பு பிறருக்குப் பட்ட கடன் என்பதே அந்தச் சட்டங்களின் நினைப்பு.

சிறைக்குள் இந்த நினைப்பு இன்னும் கொடிய உருவெடுத்தது. 1818இல் பொறியாளர் வில்லியம் க்யூபிட் கைதிகளுக்காக மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். படிகள் பதித்த பெரிய உருளை அது. கைதி ஏற ஏற, மிதித்த படி கீழே இறங்கும். நாளெல்லாம் ஏறியும் இருந்த இடத்திலேயே இருப்பான். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் எதுவுமே செய்யாமல் காற்றில் சுழன்றது. களைப்பைவிட இந்த வெறுமைதான் பெரிய கொடுமை என்பேன். கல்லுடைப்பவன் கண்ணெதிரே ஜல்லியாவது குவியும். 'ஹார்ட் லேபர்' என்ற அந்தத் தண்டனை இங்கிலாந்தில் 1948இல்தான் ஒழிந்தது.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் அதே தொடர் இருந்தது. நாம் கடுங்காவல் என்கிறோம். 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றவர் வ.உ.சிதம்பரனார். அதே ஆண்டு ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு, கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கூலிக்காகப் போராடிய லேபர், தண்டனையாக வந்த லேபர் இரண்டையும் ஒரே ஆண்டில் கண்டவர் அவர். அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நடத்த எனக்கு மனம் வராது.

பத்தாண்டு கழித்து, 1918 ஏப்ரலில், பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'மெட்ராஸ் லேபர் யூனியன்'. திரு.வி.க.வும் அதன் பொறுப்பாளர்களில் ஒருவர். அச்சொல் இங்கே வருத்தத்தைக் குறிக்கவில்லை, வருந்தியவர்களையே குறித்தது. 'லேபர்' என்றால் 'நாங்கள்' என்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் சென்றது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டியதாக வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்கு. நிர்வாகத்துக்குத் தடையாணையும் கிடைத்தது. சங்கம் வைத்துப் பேசுவதற்கே அன்று சட்டத்தில் காப்பு இல்லை. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட இந்த வழக்கு எழுப்பிய கிளர்ச்சியும் ஒரு காரணம். பதிவுபெற்ற சங்கத்தின் பொறுப்பாளர்மீது, தொழில் தகராறில் இப்படித் தூண்டினார் என்ற ஒரே காரணத்துக்காக உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்று அதன் 18ஆம் பிரிவு விதித்தது.