மகள் கொண்டு வரும் ஊசி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவுக்கு வைத்தியரை அழைத்தால் "ஆரோக்கிய வாழ்வு" என்று அகலமான தலைப்பொன்றைத் தருவது வழக்கம். நான் அதைக் குறுக்கித் தரும்படி கேட்டேன். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடமிருந்து இப்போதெல்லாம் வருவது ஒரே கேள்விதான். "நான் இஞ்ச ஒசெம்பிக் போடுறன், நல்லா மெலிஞ்சிட்டன். அம்மாவுக்கும் சலரோகம்தானே? மடுத் திருவிழாவுக்கு வரேக்க ரெண்டு பேனை கொண்டு வரட்டோ?"

பதில் சொல்லுமுன் அந்தப் பேனைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாம் சாப்பிட்டதும் சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஜிஎல்பி-1 என்ற ஓமோனைச் சுரக்கிறது. குருதியில் சீனி கூடியிருந்தால் மட்டும் அது சதையியைத் தூண்டி இன்சுலினை விட வைக்கும். ஈரல் சீனியை வெளிவிடுவதைக் குறைக்கும். இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தும். மூளைக்கு "போதும்" என்று சொல்லும். இத்தனையும் செய்யும் அந்த ஓமோன் உடலில் இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. ஒரு நொதியம் வெட்டிவிடுகிறது.

வழி காட்டியது ஒரு பல்லி. அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும், நம்ம ஊர் உடும்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லத்தக்க கீலா என்ற நச்சுப் பல்லி. 1990களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் வைத்தியர் ஜோன் எங் அதன் நஞ்சில் கண்டெடுத்த பொருள், நமது ஓமோனைப் பாதியளவு ஒத்திருந்தது. நொதியத்துக்கும் எளிதில் பணியவில்லை. அதிலிருந்து பிறந்த எக்செனடைட் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு வந்த செமகுளூடைட்டை, அதாவது ஒசெம்பிக்கை, வாரம் ஒரு தடவை போட்டால் போதும். மவுன்ஜாரோ என்ற திர்செபடைட் இரண்டு குடல் ஓமோன்களைப் போல நடிக்கிறது.

பலன் பொய்யல்ல. பெரிய ஆய்வொன்றில், சலரோகம் இல்லாத பருமனானோர் செமகுளூடைட்டை 68 வாரம் போட்டதில் சராசரியாக 15 வீத நிறை குறைந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு உண்டென்றும் தெரிந்துவிட்டது. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதனால் இதைச் "சோம்பேறிகளின் ஊசி" என்று நக்கலடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசியும் ஓமோன்தான், மனவுறுதி மட்டுமல்ல. (ஒன்றுகூடலில் கண்டவுடன் "என்னடி, நல்லாப் பூசிட்டாய்" என்று தொடங்கும் நம் பழக்கத்தையும் இந்த நூற்றாண்டோடு விட்டுவிடலாம்.) ஆனால் நிறுத்தினால் இழந்த நிறையில் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிறது. இரண்டு பேனையோடு முடிகிற வைத்தியம் அல்ல இது.

இனி பேசாலையிலோ வங்காலையிலோ இருக்கும் அம்மாவுக்கு வருவோம்.

மகள் படிப்படியாக ஏறி 1 மில்லிகிராமில் நிற்கிறாள். தொடக்க அளவு 0.25. மகளின் அளவை அம்மா முதல் நாளே போட்டால் வாந்தி நிற்காது. எழுபது வயதில், பிரஷர் குளிசையும் சிறுநீர் போகும் குளிசையும் எடுப்பவர் இரண்டு நாள் வாந்தியெடுத்தால் நீர் வற்றிச் சிறுநீரகம் அடிபடும். கிளினிக்கில் தரும் கிளிக்கிளசைட்டோ இன்சுலினோ கூடவே நடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவற்றின் அளவை முதலில் குறைக்க வேண்டியிருக்கும். மாறாக, "புது ஊசி இருக்கே" என்று இன்சுலினை நிறுத்துவதும் ஆபத்து. இருபது வருடச் சலரோகத்தில் சதையி களைத்துப்போயிருக்கும். களைத்த மாட்டை எவ்வளவு தட்டினாலும் வண்டி ஓடாது. கண்ணின் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், சீனி சடுதியாக இறங்கும்போது அது மோசமாகலாம். கண் பரிசோதனை முதலில்.

இன்னொன்று. நம் அம்மாமார் பலர் பருமனானவர்கள் அல்லர். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும். இந்த மருந்தில் கொழுப்போடு தசையும் கரையும். பசியில்லாமல் பிளேன் டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிற வயோதிபருக்குத் தசை போனால் அடுத்தது விழுந்து இடுப்பு முறிவதுதான்.

மன்னார் வெயிலையும் மறக்கக்கூடாது. திறக்காத பேனை 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். திறந்த பிறகும் 30 பாகையைத் தாண்டக்கூடாது. நம் வீட்டு அலுமாரிக்குள் பகலில் எத்தனை பாகை? விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துபோன பேனையும் குப்பைக்குத்தான். மலிவாக இணையத்தில் வாங்குவோருக்கு: 2024இல் உலக சுகாதார நிறுவனம் போலி ஒசெம்பிக் பற்றி எச்சரித்திருக்கிறது.

பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். கர்ப்பம் தரிக்க எண்ணினால் செமகுளூடைட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்துங்கள். நிறை குறைய, வராத மாதவிடாய் வரும், எதிர்பாராத கர்ப்பமும் வரும். திர்செபடைட் கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கலாம்; இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை.

2005-06இல் நடந்த நாடளாவிய சலரோக ஆய்வில் வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் கண்டார்கள். அவர்களில் மூன்றிலொருவருக்கு மேல் அது தமக்கு இருப்பதே தெரியாதவர்கள். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் அம்மாமாரை எண்ணாமலே கிடைத்த எண் அது.

ஆகவே பேனைக்கு முன் அம்மாவின் கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிரியற்றினின், கண் அறிக்கை, எடுக்கும் குளிசைகள் எல்லாம் அதில் இருக்கும். அதோடு இங்குள்ள வைத்தியரிடம் பேசுங்கள். பொருத்தமென்றால், மாதாமாதம் வாங்கித்தர உங்களால் முடியுமென்றால், தாராளமாகத் தொடங்கலாம். வெறுங்கையோடு வர மனமில்லையென்றால் சீனி பார்க்கும் பட்டிகை கொண்டு வாருங்கள். கடையில் வாங்க அம்மா மனம்வராமல் வாரக்கணக்கில் பார்க்காமல் விடுவது அதற்குத்தான். வீட்டிலுள்ள மீற்றரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றின் பட்டிகை மற்றதற்குப் பொருந்தாது.